ஊர் வேலை யார் வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாகப் படியுங்கள். பழைய வகுப்பு மாதிரி நடுவில் எழுந்து போனால் காதைத் திருக மாட்டேன். அந்த அதிகாரம் 2012லேயே போய்விட்டது.

நம் ஊர்க் குழுக்களில் வரும் புகார்களைத் தினமும் பார்க்கிறேன். மேல்நிலைத் தொட்டி நிறைந்தும் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருவிளக்கு எரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் சாய்ந்து நிற்கிறது. ஏரி மதகு உடைந்து கிடக்கிறது. புகாரைவிட அதன் கீழே வரும் பதில்கள்தான் என்னை யோசிக்க வைக்கின்றன. ஒருவர் முதலமைச்சரைக் கேட்கிறார், ஒருவர் எம்.எல்.ஏ.வைத் திட்டுகிறார், ஒருவர் ஊராட்சித் தலைவரின் குடும்பத்தையே இழுக்கிறார், இன்னொருவர் கலெக்டருக்கு மனு எழுதச் சொல்கிறார். ஒரே குழாய்க்கு நான்கு பேரைக் கேட்கிறோம், நான்கு பேரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

இது நேற்று வந்த குழப்பம் இல்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகச் சட்டத்தின் மேல் சட்டமாகப் போட்டு நாமே கட்டி வைத்த குழப்பம். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதையைத் தொடர்ந்து வர ஒரு சின்னச் சூத்திரம் தருகிறேன். உள்ளாட்சியில் எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வேலை யாருக்கு? காசு யாரிடம்? ஆள் யாருக்குக் கட்டுப்பட்டவர்? இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தால் அங்கே யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரியும். மூன்றும் மூன்று கையில் இருந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

*உத்திரமேரூரில் இருந்து ஒரே ஒரு விதி*

உள்ளாட்சி என்றதும் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. 30 குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று படித்தது நினைவிருக்கும்.

அது எல்லோருக்குமான குடியாட்சி அல்ல என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அது ஒரு பிராமண ஊரின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ஆனாலும் அதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. வேலையைக் கொடுத்த ஊரே கணக்கையும் கேட்டது. ஏரி வாரியத்துக்காரர் ஏரிக்குப் பதில் சொன்னார். கதை முழுக்க இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*பணமுடையில் பிறந்த பிள்ளை*

இப்போதைய உள்ளாட்சி அந்தக் கல்வெட்டில் இருந்து நேராக வந்ததல்ல. அது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29ல் தொடங்கியது. லண்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் பேரரசு அமைத்த பழைய மாநகராட்சிகளில் அது ஒன்று. ஊருக்கான செலவை ஊராரிடமே வரியாக வாங்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. ஊரார் அவ்வளவு லேசில் கொடுக்கவில்லை.

மற்ற ஊர்களுக்கு 1860களில்தான் நகராட்சி வந்தது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டப்படி மதுரை, திருச்சி, கோவை, சேலம், தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் 1866ல் நகராட்சிகள் ஆயின. கிராமப்புறத்துக்கு 1871ல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது.

ஏன் அந்தக் காலத்தில் வந்தது? 1857 கலகத்துக்குப் பிறகு இந்திய அரசின் கஜானா காலி. 1870ல் வைஸ்ராய் மேயோ பிரபு ஓர் ஏற்பாடு செய்தார். கல்வி, மருத்துவம், சாலை, போலீஸ், சிறை போன்றவற்றை மாகாணங்களிடம் தள்ளி, ஒரு குறிப்பிட்ட தொகையையும் கொடுத்தார். போதாததை மாகாணங்களே தேடிக்கொள்ள வேண்டும். மாகாணம் என்ன செய்யும்? கீழே பார்க்கும். சாலை வேண்டுமா, தீர்வை கொடு. பள்ளிக்கூடம் வேண்டுமா, வரி கொடு. நம் உள்ளாட்சி பிறந்தது மக்களுக்கு அதிகாரம் கொடுக்கும் ஆசையில் அல்ல, மேலே இருந்த பணமுடையில். வேலையைக் கீழே தள்ளிவிட்டுக் காசுக்குக் கைவிரிக்கும் பழக்கம் அந்த ஜாதகத்திலேயே இருக்கிறது.

1882 மே 18ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்தது. சென்னையில் 1913ல் திறந்த மாநகராட்சி மாளிகைக்கு ஏன் அவர் பெயர் என்று கேட்பீர்களே, இதனால்தான். உள்ளாட்சியால் நிர்வாகம் உடனே சிறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. மக்கள் பொதுக் காரியத்தைத் தாங்களே நடத்திப் பழக வேண்டும், அதுவே அரசியல் கல்வி என்றார். ஓர் ஆசிரியனாக எனக்குப் பிடித்த கருத்து. நீச்சலைக் கரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அதன்படி 1884ல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் வாரியச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, தாலுகாவுக்கு தாலுகா போர்டு, சில கிராமங்களைச் சேர்த்து யூனியன் என்று மூன்று அடுக்கு. பெயர் என்னவோ சுயாட்சி, ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கலெக்டர்.

*ஜில்லா போர்டு விட்ட ரயில்*

இருந்தாலும் அந்த ஜில்லா போர்டுகளைக் குறைத்து எடை போட வேண்டாம். திருவாரூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு செய்தி. மாயவரத்தில் இருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் ரயில் ஓடியது அல்லவா, அந்தப் பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொத்து. நிலம் வைத்திருந்தவர்களிடம் ரயிலுக்கென்றே தனித் தீர்வை வாங்கி, அந்தக் காசில் பாதை போட்டார்கள். ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு. இன்று ஒரு மாவட்ட ஊராட்சி தன் காசில் ஒரு பேருந்து நிறுத்தமாவது கட்டுமா என்று எண்ணிப் பாருங்கள். எதற்கு வாங்கினார்களோ அந்தக் காசை அதற்கே செலவு செய்யும் உரிமை அந்த போர்டிடம் இருந்தது. அந்த உரிமைதான் ரயில் விட்டது.

*ஆயிரம் விளக்கில் ஒரு வேளைச் சோறு*

1919 சீர்திருத்தத்தில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் அந்தத் துறையைக் கவனித்தார். 1920ல் உள்ளூர் வாரியங்கள், நகராட்சிகள், கிராமப் பஞ்சாயத்துகள், தொடக்கக் கல்வி என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அதற்குச் சற்று முன்புதான் ராஜாஜி சேலம் நகராட்சிக்கும் பெரியார் ஈரோடு நகராட்சிக்கும் தலைவர்களாக இருந்தார்கள். பின்னாளில் எதிரெதிர்த் துருவங்களான இருவருக்கும் பொதுவாழ்வின் பயிற்சிக்கூடம் குடிதண்ணீரும் சாக்கடையும்தான். ரிப்பன் சொன்னது வீண் போகவில்லை.

அந்த ஆண்டில் நடந்த ஒரு காரியத்தை நம் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லுங்கள். மதிய உணவு என்றால் காமராசர், எம்.ஜி.ஆர். என்று சொல்கிறோம். சரிதான். ஆனால் 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

பிறகு என்ன ஆனது? 1925 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டார்கள். சோறு வேண்டாம் என்று மாநகராட்சி சொல்லவில்லை. தொடக்கக் கல்வி நிதியில் இருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலே இருந்த அரசு தடுத்தது. வேலை மாநகராட்சியுடையது, ஆட்கள் மாநகராட்சியுடையவர்கள், காசின் சாவி மட்டும் கோட்டையில். அந்த ஒரு சாவி போதுமானதாக இருந்தது, பிள்ளைகளின் தட்டைக் காலியாக்க. ஊர் கண்டுபிடித்த இந்த யோசனை காமராசர் காலத்தில், 1956ல், மாநிலம் முழுக்கப் போனது. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பெரிய திட்டங்களெல்லாம் தலைநகரில்தான் பிறக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

*பஞ்சாயத்து யூனியன் காலம்*

தாலுகா போர்டுகள் 1934ல் ஒழிந்தன. விடுதலைக்குப் பிறகு 1957ல் பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கை வந்தது. சமுதாய வளர்ச்சித் திட்டத்தை அதிகாரிகளே நடத்தினால் மக்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள், தேர்ந்தெடுத்த அமைப்புகளிடம் கொடுங்கள் என்றது. 1959 அக்டோபர் 2ல் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜைத் தொடங்கி வைத்தார்.

நம்மிடம் அதற்கு முன்பே, காமராசர் ஆட்சியில், 1958ல் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்துவிட்டது. 1960, 1961ல் மாகாணம் முழுக்கப் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தன. ஜில்லா போர்டுகள் போயின. போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, தொடக்கப் பள்ளிகள் யூனியனுக்கு வந்தன. ஊராட்சித் தலைவர்களே யூனியன் மன்றத்தின் உறுப்பினர்கள், அவர்களுக்குள் ஒருவர் சேர்மன். பி.டி.ஓ. அந்த மன்றத்தின் ஆணையர். ஊர் வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஏற்ப அரசும் ஈடாக மானியம் கொடுத்தது. வரி வாங்கத் தயங்கும் ஊருக்கு மானியமும் குறையும். நல்ல ஏற்பாடு.

அறுபதுகளில் படித்த நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், கிணறு, கிராமச் சாலை, மகப்பேறு விடுதி என்று எதைக் கேட்டாலும் யூனியன் போட்டது என்பார்கள். சேர்மன் ஜீப் ஊருக்குள் வந்தால் கூட்டம் கூடும். வேலை, காசு, ஆள் மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்த காலம் அது.

*1981 ஜூன் 1*

நானும் அந்த யூனியனின் ஆள்தான். 1974ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு ஆணை வழங்கியது ஓர் ஊராட்சி ஒன்றியம். சம்பளம் அங்கிருந்துதான் வரும். சில மாதம் பத்தாம் தேதி, சில மாதம் இருபதாம் தேதி. மளிகைக் கடைக்காரர் யூனியன் வாத்தியார் என்றால் கடன் நோட்டை எடுப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்குப் போகாத ஆசிரியர், அடுத்த மாதம் பேருந்து போகாத ஊருக்கு மாற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். எந்த ஒன்றியம், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஊர் அதிகாரம் என்றாலே இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் அரசு ஊழியர்கள் என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் வீடுகளில் தீபாவளி. ஆசிரியர் இயக்கங்கள் நெடுநாள் போராடிப் பெற்ற உரிமை அது. சம்பளம் ஒழுங்கானது, ஓய்வூதியம் உறுதியானது, பெரிய மனிதர்களின் மிரட்டல் குறைந்தது. இன்று நான் சாப்பிடும் சோறு அந்த ஆணையின் பலன். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வரலாறு படித்தவன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பள்ளியின் பெயர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றே நின்றது. கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆசிரியர் கல்வித் துறையின் ஆள். அடுத்த ஆண்டு வந்த சத்துணவு மையத்தின் நிர்வாகம் வேறு பக்கம். ஒரே பள்ளி வளாகத்துக்குள் கூரை ஒழுகினால் ஓர் அலுவலகம், ஆசிரியர் வராவிட்டால் இன்னோர் அலுவலகம், சாம்பாரில் குறை என்றால் மற்றோர் அலுவலகம். ஆசிரியரைப் பாதுகாக்க வேறு வழி இல்லையா? இருந்தது. சம்பளத்தையும் மாறுதலையும் மாநிலம் வைத்துக்கொண்டு, பள்ளி நடக்கிறதா என்று கேட்கும் உரிமையை ஊர் மன்றத்துக்கு விட்டிருக்கலாம். அந்த நடுவழியை யாரும் தேடவில்லை.

*ஒன்றொன்றாக மேலே போனவை*

பள்ளி மட்டுமா போனது? 1970ல் குடிசை மாற்று வாரியம், 1971ல் குடிநீர் வடிகால் வாரியம், 1978ல் சென்னைக்குத் தனிக் குடிநீர் வாரியச் சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. ஆற்றில் இருந்து நூறு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது ஒரு ஊராட்சியால் ஆகாது. பொறியாளர் வேண்டும், பெரிய கடன் வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களால் எத்தனை பெண்கள் தலையில் இருந்து குடம் இறங்கியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தொட்டி வரை வாரியம், தொட்டியில் இருந்து குழாய் வரை ஊராட்சி என்று பிரிந்ததும், தண்ணீர் வராத அன்று வாரியம் தொட்டியைக் காட்டும், ஊராட்சி ஆற்றைக் காட்டும்.

ஏரிகளையும் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறை வழி, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். இந்த அளவுக்கோடு காகிதத்தில்தான் இருக்கிறது. மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்குப் போகும் தண்ணீருக்கு அது தெரியாது.

இதற்கெல்லாம் மேலாக, கேட்பதற்கு ஆளே இல்லாத காலம் ஒன்று வந்தது. 1970ல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986ல். அதற்கு அடுத்தது 1996ல். சென்னை மாநகராட்சி மன்றம் ஊழல் புகாரின் பேரில் 1973ல் கலைக்கப்பட்டது. மறுபடி மேயர் வர 23 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பிறந்த குழந்தை கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாமல் ஓட்டுரிமை பெற்றது. கட்சி வித்தியாசம் பார்க்க வேண்டாம். எந்தக் கொடி பறந்தாலும் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தனி அலுவலர்தான் சௌகரியம்.

*அரசியல் சட்டம் போட்ட பூட்டு*

இந்தக் கண்ணாமூச்சியை நிறுத்தத்தான் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகைப்படி இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள், நகரங்களுக்கு 18 பொருள்கள் கொண்ட பட்டியலும் சேர்ந்தது. நம் மாநிலம் 1994ல் புதிய ஊராட்சிகள் சட்டம் இயற்றி 1996ல் தேர்தல் நடத்தியது. பெண்களுக்கான பங்கு 2016ல் பாதியாக உயர்ந்தது.

அந்த இட ஒதுக்கீடு காகிதத்தில் இருந்து ஊருக்குள் இறங்கியபோது என்ன நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலித் தலைவரை ஏற்க மறுத்ததால் 2006 வரை முறையான தலைவர் இல்லை. ஊராட்சித் தலைவர் பதவி வெறும் அலங்காரம் என்றால் அதற்காக யாரும் கொலை செய்ய மாட்டார்கள். அந்த நாற்காலிக்கு உள்ள மதிப்பை அதைத் தர மறுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

சரி, 29 பொருள்களும் ஊருக்கு வந்தனவா? திருத்தம் கட்டாயமாக்கியது தேர்தலை. அதிகாரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டது. பக்கத்துக் கேரளம் 1996ல் மக்கள் திட்டம் என்று தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, விவசாய அலுவலகம் ஆகியவற்றையும் ஆட்களோடு உள்ளாட்சிகளின் கீழ் கொண்டுவந்தது. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் மருந்து இல்லை என்றால் யாரைக் கேட்பது என்று அந்த ஊருக்குத் தெரியும்.

நம்மிடம் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று ஏற்பாடு இருக்கிறது. அது சிறிய காசு அல்ல. மத்திய நிதி ஆணைய மானியமும் வருகிறது. ஆனால் 15ஆவது நிதி ஆணையத்தின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டு வந்தது. பள்ளியோ, கல்வித் துறையிடம். அங்கன்வாடி சமூகநலத் துறையிடம். ரேஷன் கடை கூட்டுறவிடம். ஊராட்சித் தலைவர் கையில் உறுதியாக இருப்பது தெருவிளக்கு, குப்பை, தெருச் சாலை, குடிநீர் விநியோகம். அவரையும் நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. 1884ல் கலெக்டர் தலைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இப்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

*பூட்டை மீறிய இடைவெளி*

ஐந்தாண்டுத் தேர்தல் என்ற பூட்டாவது நின்றதா? 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீடு, வார்டு வரையறை என்று வழக்குகள் நீண்டன. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களுக்கு, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். தேர்ந்தெடுத்த மன்றங்கள் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியமும் அந்த ஆண்டுகளில் தடைபட்டது. 2019ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. புதிய மன்றம் வருமுன் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் என்றால் கெட்டவர் என்று பொருள் அல்ல. நேர்மையான, இரவு பகல் பாராமல் உழைத்த பி.டி.ஓ.க்கள் பலரை அறிவேன். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலத்தில் 12,525 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள் என்று வைத்தால் ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊராட்சிகள். 32 ஊருக்கும் ஒருவரே தலைவர் என்றால் எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டியது மேலதிகாரிக்கு. டீக்கடையில் வழிமறித்துக் கேட்கக்கூடிய ஒருவர் ஊருக்கு இல்லாமல் போகிறார். நாம் இழப்பது அதைத்தான்.

*என்ன செய்யலாம்?*

ஊருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. சாதி வலுத்த ஊரில் அதிகாரம் யாரிடம் போய்ச் சேரும் என்று பார்த்தோம். ஆசிரியரைப் பந்தாடிய பெரிய மனிதரையும் பார்த்தோம். ஆகவே உரிமைகளைக் காப்பது, பெரிய அணை, பெரிய குழாய், ஆசிரியர் சம்பளம் ஆகியவை மாநிலத்திடம் இருக்கட்டும். ஆனால் எந்த வேலையை ஊரிடம் கொடுக்கிறார்களோ அதற்குரிய காசையும் அதைச் செய்யும் ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் அந்த வேலை எங்களுடையது என்று மேலே இருப்பவர்கள் வெளிப்படையாகப் பொறுப்பேற்க வேண்டும். வேலை ஒரு கையில், சாவி இன்னொரு கையில் என்ற 1925ஆம் ஆண்டின் ஏற்பாடு போதும்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபை நாட்கள். மன்றம் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் அந்தக் கூட்டம் கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பு எடுக்கிறீர்கள், இந்த ஆறில் ஒன்றுக்காவது எடுங்கள். வீட்டு வரியைப் பாக்கி வைக்காதீர்கள். கொடுத்தவன் கேட்கும் குரலுக்கு எடை அதிகம். பெண் பிள்ளைகள் முன் வரிசையில் உட்காருங்கள். தலைவர் பெண்ணாக இருந்தால் அவர் கணவரிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

கூட்டத்தில் சத்தம் போட வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் மூன்றே கேள்வி. இது யார் வேலை? இதற்கான காசு எவ்வளவு வந்தது, எங்கே இருக்கிறது? இதைச் செய்ய வேண்டிய ஆள் யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் ஊரில் கிராம சபை எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலர் பெயரை எழுதுங்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் வீட்டுப்பாடம் இதுதான்.